ஒரு சொல்லும் சில முகங்களும்

ஆங்கில நாவல்கள் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ‘ஸ்மக்’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்பட்டிருக்கும். ஒரே அசையில் முடிந்துவிடுகிற சின்னச் சொல். ஒரு பாத்திரம் புன்னகை செய்கிறது. அந்தப் புன்னகைக்கு முன்னால் ஆசிரியர் இந்த அடைமொழியைச் சேர்த்துவிடுகிறார். படிக்கிற நமக்கு அந்த ஆசாமியின் மேல் உடனே ஒரு கசப்பு உண்டாகிவிடுகிறது. அவர் என்ன குற்றம் செய்தார் என்று கேட்டால் பதில் சொல்ல வராது. அவர் பொய் சொல்லவில்லை, திருடவில்லை, யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை. தம்மைப் பற்றித் தாமே மிகவும் சௌக்கியமாக எண்ணிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சௌக்கியம் முகத்தில் தெரிகிறது. அந்த முகத்தைத்தான் நம்மால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கர்வம்’ என்றால் ஜாஸ்தியாகிவிடுகிறது; ‘திருப்தி’ என்றால் போதவில்லை. செருக்கு, இறுமாப்பு, மமதை, அகந்தை என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை எல்லாம் நிமிர்ந்து நிற்கிற குணங்கள். தலையைத் தூக்கி, மார்பை விரித்து, எதிரே இருப்பவனை ஒரு கை பார்த்துவிடுவது என்று நிற்பவை. ராவணனுக்கு இருந்தது செருக்கு. ஸ்மக்கான மனிதரோ சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யாரோடும் விரோதம் கிடையாது. விரோதம் பாராட்ட அவசியமே இல்லாதபடி உலகம் அவருக்குச் சாதகமாக அமைந்துவிட்டது. அப்படி அமைந்ததற்குத் தம்முடைய யோக்கியதைதான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

பேச்சு வழக்கில் ‘மிதப்பு’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். ‘அவன் ஒரு மிதப்பிலே இருக்கிறான்’ என்கிறோம். இது கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஆனால் மிதக்கிறவன் ஒருநாள் தரைக்கு வந்துதான் தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. ‘ஸ்மக்’கில் அந்த ஆறுதல் இல்லை. இவர் எந்த நாளும் விழப்போவதில்லை என்பதுதான் நம் எரிச்சலுக்குக் காரணம். பத்திரிகைக்காரர்கள் ‘மெத்தனம்’ என்று எழுதுகிறார்களே, அது வேறு ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது ‘கம்ப்ளேஸன்ட்’ என்பதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஏரிக் கரை உடையப்போகிறது, அதிகாரிகள் மெத்தனமாக இருக்கிறார்கள் என்றால், அங்கே ஓர் ஆபத்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ‘ஸ்மக்’குக்கு ஆபத்தைப் பற்றிய கவலை கிடையாது. ஜெயித்து முடித்தவனுடைய குணம் அது.

அந்தக் ‘கம்ப்ளேஸன்ட்’டுக்கும் ஒரு காலத்தில் நல்ல வாழ்வு இருந்தது. ‘மிகவும் பிரியமாயிருத்தல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. 1667-இல் வெளிவந்த தமது காவியத்தில் மில்டன் பரமபிதாவைத் தம் குமாரனிடம் பேசவைக்கும்போது, ‘என் ஆனந்தமே’ என்கிற பொருளில் இதன் உடன்பிறப்பான சொல் ஒன்றைக் கையாண்டிருக்கிறார். தெய்வத்தின் வாயில் இருந்த சொல் இன்றைக்கு ஏரிக்கரை அதிகாரியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சொற்களுக்கும் நம்மைப் போலவே ஏற்ற இறக்கங்கள் உண்டு.

‘ஸ்மக்’கின் பூர்வ சரித்திரம் இதைவிடச் சுவாரசியமானது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. வட ஜெர்மானியப் பேச்சு மொழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களின் கருத்து. அங்கே அதற்கு ‘அழகான’, ‘திருத்தமாக அலங்கரித்துக்கொண்ட’ என்று அர்த்தம். இன்றைய ஜெர்மன் மொழியில் நகைக்கு ‘ஷ்முக்’ என்று பெயர். இரண்டும் ஒரே குடும்பம். வந்த புதிதில் ஆங்கிலத்திலும் அது நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது. தலை வாரி, முகம் மழித்து, உடையில் சுருக்கமில்லாமல் வெளியே புறப்பட்ட மனிதன் ‘ஸ்மக்’. நம் ஊர்ப் பெண்கள், ‘துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கிறான்’ என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை அப்படித்தான் வழங்குகிறார். ‘நான்காம் ஹென்றி’யின் முதற்பாகத்தில் கலகக்காரர்கள் நாட்டைப் படத்தில் பங்கு போட்டுக்கொள்ளும்போது, ஹாட்ஸ்பர் என்ற முன்கோபி ட்ரென்ட் நதிக்கு இந்த அடைமொழியைக் கொடுக்கிறான். நதி தற்பெருமை கொள்வதாக அதற்கு அர்த்தமில்லை. தெளிவாக, அழகாக ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ‘லியர் அரச’னில் புத்தி பேதலித்த கிழ ராஜா தைரியமாகச் சாகப்போவதாகச் சொல்லும்போது, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவனைத் தமக்கு உவமையாக்கி இந்தச் சொல்லைச் சேர்க்கிறார். மூன்றாவது இடம் ‘வெனிஸ் வர்த்தக’னில். அந்தோனியோவின் கப்பல்கள் முழுகிவிட்டன என்று கேள்விப்பட்ட ஷைலக், ‘கடைவீதிக்கு எத்தனை திருத்தமாக வருவானே அந்த ஆள்!’ என்ற கருத்தில் பேசுகிற இடம் அது.

இந்த மூன்றாவது இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். அகராதிப்படி அங்கேயும் அர்த்தம் ‘திருத்தமாக உடுத்திய’ என்பதுதான். ஆனால் சொல்கிறவன் யார்? அந்தோனியோவின் எச்சிலைத் தன் அங்கியில் வாங்கிக்கொண்டவன். அந்தோனியோவுடைய நண்பர்களின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த அதே திருத்தம் ஷைலக்கின் கண்ணுக்கு வேறு விதமாகத் தெரிகிறது. ‘இவனுக்குத்தான் எத்தனை நிம்மதி! என்னை அவமானப்படுத்திவிட்டு எப்படித் தலை வாரிக்கொண்டு புறப்பட முடிகிறது!’ என்ற வயிற்றெரிச்சல் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. சொல்லின் இன்றைய அர்த்தம், அதாவது ‘தன்னைப் பற்றிய திருப்தியில் ஊறிப்போன’ என்கிற அர்த்தம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது என்பார்கள். ஆனால் அதற்கு விதை ஷைலக்கின் வாயிலேயே விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அலங்காரம் செய்துகொண்டவனைப் பார்த்து, அதில் பங்கில்லாதவன் சொன்ன சொல் இது. வெளியே நிற்பவனுடைய சொல்.

மற்ற மொழிக்காரர்கள் இதே குணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஜெர்மன்காரர் ‘தனக்குத் தானே பிடித்தமானவன்’ என்கிறார். பிரெஞ்சுக்காரர் ‘போதுமான’ என்று பொருள்படும் சொல்லையே இதற்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்; தான் ஒருவனே தனக்குப் போதும் என்றிருப்பவன் என்பது தாத்பரியம். இரண்டும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கின்றன. ஆங்கிலம் ஒன்றுதான் வெளித் தோற்றத்திலிருந்து, வாரிய தலையிலிருந்தும் மழித்த கன்னத்திலிருந்தும், ஆரம்பித்திருக்கிறது. நாவல் என்கிற கலை அந்த மொழியில் அவ்வளவு செழித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ என்னவோ! உள்ளே இருப்பதை வெளியே இருப்பதைக் கொண்டு காட்டுவதுதானே நாவலாசிரியனுடைய தொழில்?

தொழில் என்று சொன்னேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஸ்மக்கான மனிதரைப்போலத் தொந்தரவு கொடுக்கிற பாத்திரம் வேறில்லை. கபடதாரியை வைத்துக் கதை எழுதுவது சுலபம். அவனுக்கு இரண்டு முகம். ஆகவே கதைக்கும் இரண்டு பாகம் கிடைத்துவிடுகிறது. முதற்பாகத்தில் முகமூடி, இரண்டாம் பாகத்தில் அது கிழிகிற காட்சி. டிக்கன்ஸ் 1843-44-இல் எழுதிய ‘மார்ட்டின் சஸல்விட்’டில் பெக்ஸ்னிஃப் என்று ஒரு தர்மோபதேசி வருகிறார். அவருடைய வேஷம் கலைகிற இடத்தில் கிழவர் மார்ட்டின் கைத்தடியால் ஓர் அடி கொடுத்து அவரைக் கீழே விழச்செய்கிறார். நமக்கும் பரம திருப்தி. ஆனால் ஸ்மக்கான மனிதருக்கு முகமூடியே இல்லை. அவர் உள்ளும் புறமும் ஒன்று. நம்புவதைத்தான் சொல்கிறார், சொல்வதை நம்புகிறார். பல சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருந்துவிடுகிறது! ‘இதைத்தான் நான் அப்போதே சொன்னேன்’ என்பது அவருடைய தாரக மந்திரம். அப்போதே சொன்னதும் உண்மைதான். கிழிப்பதற்கு எதுவும் இல்லாதபோது கதாசிரியன் என்ன செய்வான்?

ஜேன் ஆஸ்டின் என்ன செய்தாள் என்று பார்ப்போம். 1813-இல் வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் காலின்ஸ் பாதிரியார் எலிஸபெத்தைப் பெண் கேட்கிற காட்சி ஆங்கிலம் படித்தவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். தாம் ஏன் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்தார் என்பதற்கு அவர் வரிசையாகக் காரணம் அடுக்குகிறார். அவள் முடியாது என்கிறாள். அவர் சந்தோஷப்படுகிறார். நல்ல குடும்பத்துப் பெண்கள் முதலில் மறுப்பதுதான் சம்பிரதாயம், ஆகவே இது சம்மதத்தின் அடையாளம் என்று அவருக்குப் படுகிறது. அவள் திரும்பத் திரும்ப மறுக்க, அவருடைய நம்பிக்கை திரும்பத் திரும்ப வளர்கிறது. இந்த இடத்தில் ஆஸ்டின் ஒரு பெரிய உண்மையைப் பிடித்துவிட்டாள். கர்வம் பிடித்தவனை அவமானப்படுத்த முடியும். அவனுக்குக் காது உண்டு. ஸ்மக்கான மனிதரை அவமானப்படுத்த முடியாது. எதிராளியின் சொல் அவரிடம் போய்ச் சேருவதற்குள் பாராட்டாக மாறிவிடுகிறது.

பிறகு எலிஸபெத்தின் தோழி ஷார்லட் அவரை மணந்துகொள்கிறாள். எலிஸபெத் விருந்தாளியாகப் போகிறாள். காலின்ஸ் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். அறையின் அளவு, அதன் அமைப்பு, மேஜை நாற்காலி எல்லாவற்றையும் குறிப்பாக அவளிடம் விவரிக்கிறார். ‘நீ இழந்தது இதுதான்’ என்று சொல்லாமல் சொல்வதுபோல. ஷார்லட் தான் உட்காரும் அறையை வீட்டின் பின்பக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் இதைவிட நல்ல அறையை எடுத்துக்கொள்ளவில்லை என்று எலிஸபெத்துக்கு முதலில் ஆச்சரியம். பிறகு புரிகிறது: அந்த அறை நன்றாயிருந்தால் கணவரும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்! ஒரு பெண்ணின் இல்லற வாழ்க்கை முழுவதையும் இந்த ஓர் அறையை வைத்தே சொல்லிவிட்டாள் ஆஸ்டின். காலின்ஸுக்குத் தண்டனை ஏதும் கிடையாது. எலிஸபெத்தின் தகப்பனாருக்குப் பின் அந்தச் சொத்தும் அவருக்குத்தான் போகப்போகிறது. தண்டனை அவருடன் வாழ்கிறவர்களுக்கு என்று காட்டியதோடு நிறுத்திக்கொண்டாள்.

டிக்கன்ஸ் அவ்வளவு அடக்கமானவர் அல்ல. ‘நம் பொது நண்பர்’ என்று பொருள்படும் பெயரில் 1864-65-இல் தொடர்கதையாக வந்த அவருடைய நாவலில் பாட்ஸ்நாப் என்ற கப்பல் இன்ஷ்யூரன்ஸ் கனவான் இருக்கிறார். வழுக்கைத் தலையின் இரண்டு பக்கமும் அவருடைய முடி விறைத்து நிற்பது, தலை வாரும் பிரஷ்ஷையே ஒட்டவைத்தாற்போல் இருக்குமாம். எட்டு மணிக்கு எழுந்து, எட்டே காலுக்கு க்ஷவரம் செய்துகொண்டு, ஒன்பதுக்குச் சிற்றுண்டி, பத்துக்கு ஆபீஸ், ஐந்தரைக்கு வீடு, ஏழுக்குச் சாப்பாடு என்பது அவருடைய தினசரி. இலக்கியம், ஓவியம், சங்கீதம் எல்லாம் இந்த அட்டவணையை மரியாதையாகப் பிரதிபலித்தால் போதும் என்பது அவருடைய கலைக் கொள்கை. பாருங்கள்: பிரஷ்ஷும் க்ஷவரக் கத்தியும் வந்துவிட்டன. சொல்லின் பழைய அர்த்தமும் புதிய அர்த்தமும் ஒரே உடம்பில் சேர்ந்து நடமாடுகின்றன.

பாட்ஸ்நாப்பின் வீட்டு விருந்தில் ஒரு சாதுவான மனிதர், சமீபத்தில் சுமார் அரை டஜன் பேர் தெருவில் பட்டினியால் செத்துப்போன சங்கதியை மெல்ல எடுக்கிறார். பாட்ஸ்நாப்புக்கு முகம் சிவந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிற விஷயமா இது? வலது கையை ஒரு வீசு வீசி, அந்தப் பிணங்களைத் தமக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள மறுத்துவிட்டால் அது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தக் கை வீச்சு ஆங்கில மொழிக்கே ஒரு சொல்லைக் கொடுத்தது. ‘பாட்ஸ்நாப்பரி’ என்று அகராதியில் ஏறிவிட்டது. காலின்ஸ் ஒரு வீட்டைத்தான் வாழ முடியாமல் செய்தார். பாட்ஸ்நாப் ஒரு நகரத்தையே அப்படிச் செய்கிறார். தம்மைப் பற்றிய திருப்தி என்பது வெறும் முகக் கோணல் அல்ல, அதற்குச் சாவுக் கணக்கும் உண்டு என்று சொன்னது டிக்கன்ஸின் பெருமை.

ஆனால் முடிவில் அவரும் பாட்ஸ்நாப்பை வீழ்த்தவில்லை, வீழ்த்தியிருந்தால் பொய்யாகியிருக்கும். கடைசி அத்தியாயத்திலும் பாட்ஸ்நாப் விருந்து மேஜையில்தான் இருக்கிறார். நல்ல குடும்பத்து வக்கீல் பிள்ளை ஒருவன், தேம்ஸ் நதியில் படகோட்டி, மிதக்கிற பிணங்களை எடுத்துப் பிழைத்த ஒருவனின் மகளை மணந்துகொண்டுவிட்டான். மேஜையைச் சுற்றியுள்ள கனவான்களும் சீமாட்டிகளும் அந்தக் கல்யாணத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரையில் எல்லோரும் மேஜை நாற்காலியோடு சேர்த்து எண்ணிய ட்வெம்லோ என்ற சாதுக் கிழவர் அப்போது வாயைத் திறக்கிறார். அன்பினாலும் மதிப்பினாலும் ஒருவன் ஒருத்தியை மணந்தான் என்றால் அவள் சீமாட்டிதான் என்கிற அபிப்பிராயத்தைத் தயங்கித் தயங்கி, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறார். விருந்தின் மேல் ஈரக் கம்பளி போட்டாற்போல் ஆகிவிடுகிறது. பாட்ஸ்நாப் மாறவில்லை, ஆனால் அந்த ஒரு க்ஷணம் அவருடைய கை வீச்சுக்குப் பலன் இல்லாமல் போய்விட்டது. கைத்தடியால் செய்யமுடியாததை ஒரு சன்னமான குரல் செய்துவிட்டது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் டிக்கன்ஸ் போட்ட சத்தத்தைவிட இந்தச் சில வரிகள் எனக்கு உயர்ந்தவையாகப் படுகின்றன.

இனி, நம் பக்கம் திரும்பவேண்டும். காலின்ஸையும் பாட்ஸ்நாப்பையும் பார்த்துச் சிரிக்கிறோமே, அப்போது நம்முடைய முகம் எப்படி இருக்கிறது? ‘நல்ல வேளை, நாம் இப்படி இல்லை’ என்ற ஒரு சுகம் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது அல்லவா? சாய்வு நாற்காலி, சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம், கையில் புஸ்தகம். வெளியே நின்ற ஷைலக்கின் சொல்லை உள்ளே உட்கார்ந்துகொண்டு நாம் உபயோகிக்கிறோம். இந்தச் சொல்லின் விஷமே அதுதான். இன்னொருவனை ‘ஸ்மக்’ என்று சொன்ன மாத்திரத்தில் நம் தலை ஒரு தடவை தானாக வாரிக்கொள்ளப்படுகிறது.

இது என் கற்பனை அல்ல. சொல்லின் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சர்வகலாசாலைகளில், விளையாட்டுக்கும் கேளிக்கைக்கும் வராமல் அறையில் உட்கார்ந்து படிக்கிற மாணவனுக்குப் பட்டப்பெயர் ‘ஸ்மக்’. கைக்காசு தாராளமாக உள்ள பையன்கள், பரீட்சையை நம்பிப் பிழைக்கவேண்டியவனைப் பார்த்துச் சொன்னது. யார் உண்மையில் தம்மில் தாமே நிறைந்து உட்கார்ந்திருந்தவர்கள்? வெளியே நின்றவன் வாயில் பிறந்த வசை பணக்காரன் கைக்கு மாறிவிட்டது. நாம் இன்றைக்கு இந்தச் சொல்லை எடுக்கும்போது அது யார் பக்கத்திலிருந்து பேசுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆஸ்டினுக்கு இது தெரிந்திருந்தது. காலின்ஸைக் கண்டு நம்மோடு சேர்ந்து சிரிக்கிற எலிஸபெத்தை அவள் சும்மா விடவில்லை. ஆட்களை எடைபோடுவதில் தனக்கு நிகரில்லை என்று எண்ணியிருந்த அந்தப் பெண், விக்கமின் இனிய பேச்சை நம்பி டார்ஸியைத் தப்பாக மதித்திருந்ததை ஒரு கடிதத்தைப் படித்து உணர்கிறாள். நாவலின் நடுவில் வருகிற அந்த நாணம்தான் முன்னால் நாம் சிரித்த சிரிப்புக்கெல்லாம் விலை. அந்த விலையைக் கொடுக்காத கிண்டல் நாவல்களும் உலகத்தில் ஏராளம். அவற்றைப் படித்து முடிக்கும்போது நாம் ஆரம்பித்த இடத்திலேயே, இன்னும் கொஞ்சம் கொழுத்து, உட்கார்ந்திருப்போம்.

இந்த விஷயத்தில் ஆங்கிலேயர்களையும் மிஞ்சியவர் ஒருவர் இருப்பதால் ஒரு நிமிஷம் ருஷியாவுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. செகாவ் 1898-இல் எழுதிய ‘நெல்லிக்காய்’ கதை நம்மில் பலர் ஆங்கில வழியாகப் படித்ததுதான். (அங்கே சொல்லப்படுவது நம் நெல்லி அல்ல, புதரில் காய்க்கிற வேறு ஒரு காய்.) இவான் இவானிச் என்ற மிருக வைத்தியர் தம் தம்பியின் கதையைச் சொல்கிறார். குமாஸ்தாவாக இருந்த தம்பிக்குச் சொந்தமாக ஒரு நிலம், அதில் இந்தச் செடி, இதுதான் ஆயுள்கால ஆசை. வயிற்றைக் கட்டி, பணத்துக்காக ஒரு விதவையைக் கட்டி, அவளையும் வாட்டிச் சாகவிட்டு, கடைசியில் நிலத்தை வாங்கிவிட்டான். முதல் காய்ப்பு வருகிறது. கண்ணில் நீர் தளும்பத் தின்கிறான். காய் கெட்டி, புளிப்பு. அவனுக்கு அமிர்தம். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போய்த் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிற சத்தம் அண்ணனுக்குக் கேட்கிறது. சுகமாக இருக்கிற ஒவ்வொருவன் வீட்டுக் கதவையும் யாராவது தட்டி, துன்பப்படுகிறவர்களை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்று இவான் இவானிச் ஆவேசமாகப் பேசுகிறார்.

சாதாரண ஆசிரியன் இங்கே முடித்திருப்பான். செகாவ் முடிக்கவில்லை. இத்தனையும் பேசிய இவான் இவானிச்சே, கதையைத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மழையில் குளத்தில் இறங்கி, வெளியே வர மனமில்லாமல் குழந்தைபோல் முழுகி முழுகிக் குளித்தவர். பேசி முடித்ததும் நல்ல படுக்கையில் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறார். அவர் மேஜைமேல் வைத்த புகைக்குழாயிலிருந்து வருகிற நாற்றத்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தூக்கம் வரவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை! குற்றம் சாட்டினவரின் புகைக்குழாயும் நாறுகிறது. இதை ஆசிரியர் விளக்கவில்லை, சுட்டிக்காட்டவும் இல்லை. கவனித்தவர்கள் கவனித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் மனிதன் திருப்தியாக இருப்பதே பாவமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரெஞ்சுக்காரர் எந்தச் சொல்லை வசையாக்கினாரோ அதே ‘போதும்’ நமக்கு மருந்தாக இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று நான் வெகு நாள் யோசித்ததுண்டு. போதும் என்று சொல்கிறவள் தன் தட்டைப் பார்த்துச் சொல்கிறாள். அடுத்தவன் தட்டில் குறைவாக இருக்கிறது என்பதனால் அவளுக்குச் சோறு ருசிப்பதில்லை. காலின்ஸுக்கோ, எலிஸபெத் பார்த்தால்தான் தம் வீட்டு நாற்காலி அழகாகிறது. பாட்ஸ்நாப்புக்கு அந்நியர்கள் எல்லோரும் ஒரு பிசகு என்று இருந்தால்தான் தம் நாடு சரியாகிறது. பிறருடைய இல்லாமையில் ஒரு துளி கலந்தவுடன் திருப்தி திரிந்துவிடுகிறது. பால் திரிவதைப் போல, அந்தத் துளி எப்போது விழுந்தது என்று பாத்திரத்துக்குத் தெரிவதில்லை.

ஆகவே தமிழில் இதற்கு ஒரு தனிச் சொல் கிடைக்கவில்லையே என்று நான் இப்போதெல்லாம் வருத்தப்படுவதில்லை. மொழிபெயர்க்கிறவர்களுக்குக் கஷ்டம்தான், இடத்துக்குத் தக்கபடி ‘மிதப்பு’ என்றோ, ‘தன் திருப்தி’ என்றோ, இரண்டு வார்த்தை கூட்டியோ குறைத்தோ எழுதிச் சமாளித்துக்கொள்வார்கள். சொந்தமாகக் கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வகையில் அதிர்ஷ்டம். கைக்கு எளிதாக ஒரு வசைச் சொல் அகப்பட்டால் அதை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவான். சொல் இல்லாததனால் அவன் அந்த மனிதருடைய சாப்பாட்டு நேரத்தை எழுதவேண்டும். அவர் வீட்டுக்காரி தனக்கென்று எந்த அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று பார்க்கவேண்டும். அவர் கையை வீசும்போது எது பின்னால் போய் விழுகிறது என்று குனிந்து எடுக்கவேண்டும். அதோடு, எழுதுகிற தன் மேஜைமேல் இருக்கிற புகைக்குழாயையும் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்ளவேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருக்கையில் ஒரு பாத்திரத்தைப் பார்த்து உங்களுக்கு மிகவும் சிரிப்பு வந்தால் நன்றாகச் சிரியுங்கள். அதற்குத்தான் ஆசிரியர் எழுதியிருக்கிறார். பிறகு இரண்டு பக்கம் புரட்டி, நம்மைப்போன்ற ஆசாமி யாராவது அந்தக் கதையில் வருகிறாரா, ஆசிரியர் அவரை என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் தப்பித்துக்கொண்டு கடைசிவரை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் புஸ்தகம் நமக்குத் தலை வாரிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.